ஒரு வசனம், நான்கு பொருள்

கேள்வி: யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஒரே வசனத்துக்கு நான்கு பொருள் காண்கிறார்களாமே, இரண்டும் ஒரே முறைதானா?

பதில்: அல்ல, எண்ணிக்கைதான் ஒன்று. யூத மரபில் நேர்ப்பொருளாகிய பெஷாத், குறிப்புப்பொருளாகிய ரெமெஸ், விரித்துரைக்கும் தெராஷ், மறைபொருளாகிய சோத் ஆகியவற்றின் முதலெழுத்துகள் சேர்ந்து, தோப்பு எனப் பொருள்படும் ‘பர்தேஸ்’ ஆகின்றன. பிரான்சில் வாழ்ந்த யூத வேத உரையாசிரியர் ராஷி (1040–1105) நேர்ப்பொருளை முன்னிறுத்தினாலும் மித்ராஷ் எனப்படும் பழைய யூத விளக்க மரபின் கதைகளை அவர் கைவிடவில்லை. கிறிஸ்தவ முறைக்கு 5ஆம் நூற்றாண்டுத் துறவி யோவான் காசியன் தந்த எடுத்துக்காட்டே போதும்: எருசலேம் என்பது வரலாற்றில் யூதர்களின் நகரம், உருவகத்தில் திருச்சபை, ஒழுக்க நோக்கில் மனித ஆன்மா, மறுமை நோக்கில் விண்ணக நகரம். பயிலத் தொடங்குபவருக்கு, இருவர் சேர்ந்தமர்ந்து வாதிட்டுப் படிக்கும் யூதர்களின் ‘ஹவ்ருத்தா’ முறையையே நான் பரிந்துரைப்பேன். உடனுக்குடன் மறுத்துப் பேச அதில் ஓர் ஆள் இருக்கிறார்.