ரீசார்ஜ் அக்கா பதில்கள்

(1996-ல் காசிமேட்டில் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்டிடி பூத்தாக ஆரம்பித்த கடை என்னுடையது. இப்போது ரீசார்ஜ், ரிப்பேர், ஜெராக்ஸ். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போனில் வரும் அரசாங்கச் செய்திகளைப் பற்றியே இருந்தன. அதனால் அவற்றை ஒரே கட்டாக எடுத்துக்கொண்டேன்.)

ரேஷன் கடை திறந்திருக்கிறதா, பருப்பு வந்திருக்கிறதா என்று மெசேஜ் அனுப்பியே தெரிந்துகொள்ளலாமாம். நான் அனுப்பினால் மட்டும் பதில் வருவதில்லை. போன் கோளாறா அக்கா?
*இல்லத்தரசி, கொருக்குப்பேட்டை*

போன் நன்றாகத்தான் இருக்கும். கார்டில் யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்.

2017-ல் ஸ்மார்ட் கார்டு கொடுத்தபோது வீட்டுக்கு ஒரு செல் நம்பர் கேட்டார்கள். நம்ம பக்கத்தில் நிறையப் பேர் பிள்ளையின் நம்பரையோ பக்கத்து வீட்டு நம்பரையோ எழுதிக் கொடுத்தார்கள். ஒரு குடும்பம் என் கடை நம்பரையே கொடுத்துவிட்டது. ரெண்டு வருஷம் அவர்கள் வீட்டுப் பாமாயில் கணக்கு என் போனுக்கு வந்துகொண்டிருந்தது. பதிவான நம்பரிலிருந்து கேட்டால்தான் பதில் வரும். ஆங்கிலத்தில் பிடிஎஸ் என்று மூன்றெழுத்து போட்டு, ஒரு இடம் விட்டு, 101 என்று அடித்து 97739 04050-க்கு அனுப்பினால் இருப்பு தெரியும். 102 என்றால் கடை திறந்திருக்கிறதா என்று. 107 என்றால் பில்லில் தப்பு என்ற புகார்.

இந்த 107-ஐ யாரும் தொடுவதில்லை. போன வருஷம் ஒரு ஆயா வந்தார். சர்க்கரை ரெண்டு கிலோ வாங்கியதாக மெசேஜ் போயிருக்கிறது, கைக்கு வந்ததோ ஒரு கிலோ. மெசேஜ் போனது ஒரகடத்தில் நைட் ஷிப்டில் இருந்த பிள்ளைக்கு. அவன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆயா கேட்டார்: "வாங்குனது நானு, அவனுக்கு இன்னாத்துக்கு சொல்றான்?" முதலில் நம்பரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள் அம்மா.

அரசு அலுவலகத்திலிருந்து வரும் தமிழ்க் குறுஞ்செய்திகள் ஏன் பாதியில் உடைந்து இரண்டு மூன்றாக வருகின்றன? என் பழைய போனில் கட்டம் கட்டமாக வேறு தெரிகிறது.
*ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பழைய வண்ணாரப்பேட்டை*

ஐயா, கட்டம் தெரிவது போனில் தமிழ் எழுத்துரு இல்லாததால். அதற்கு வைத்தியம் கிடையாது, வேறு போன்தான்.

உடைவதற்குக் காரணம் வேறு. ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு மெசேஜில் 160 எழுத்து கொள்ளும். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் கொள்ளளவு 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த 70-ம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் எண்ணச் சொல்லிக்கொடுத்த கணக்கு இல்லை. உயிர்மெய்யில் கொம்பு தனி, சுழி தனி, புள்ளி தனி. ‘வெள்ள எச்சரிக்கை’ என்பது நம் கண்ணுக்கு 9 எழுத்து. நெட்வொர்க்குக்கு, நடுவில் விட்ட இடத்தையும் சேர்த்து, 16. அந்த ரெண்டு வார்த்தைக்கே கால்வாசிக்குக் கொஞ்சம்தான் குறைவு. எந்த ஏரி, எந்தத் தெரு, எத்தனை மணி என்று சொல்வதற்குள் ரெண்டாவது மெசேஜ் ஆரம்பமாகிவிடும், அனுப்புகிறவருக்குக் காசும் ரெட்டிப்பு. அதனால்தான் பல இடங்களில் ஆங்கிலத்திலேயே அனுப்பிவிட்டுக் கை கழுவுகிறார்கள். அதை மொழிபெயர்க்க என் கடைக்கு வருகிறார்கள். நான் பத்தாவது பெயில் ஐயா.

அம்மாவின் போன் சைலன்ட்டில் இருந்தும் திடீரென்று அலறியது. திரையில் ஏதோ எச்சரிக்கை. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?
*வாசகர், வியாசர்பாடி*

இல்லை. அது செல் பிராட்காஸ்ட், அரசாங்கமே அனுப்பும் எச்சரிக்கை. 2023-ல் நாடு முழுக்கச் சோதனை செய்தார்கள், அப்போது என் கடையில் ரிப்பேருக்கு வந்திருந்த போன்கள் ஒரே நேரத்தில் கத்தியதில் டீ கொண்டுவந்த பையன் கிளாஸைப் போட்டு உடைத்தான். சாதாரண மெசேஜ் ஒவ்வொரு நம்பராகப் போகும், கூட்டம் அதிகமானால் வரிசையில் நிற்கும். இது ஒரு டவருக்குக் கீழே இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே அடியாகப் போகும். நம்பரே தேவையில்லை. போனில் அதை அணைத்துவைக்க வழி இருக்கிறது, தயவுசெய்து அணைக்காதீர்கள்.

செல்போன் வந்ததும் கேரள மீனவர்களின் லாபம் உயர்ந்தது என்று வகுப்பில் பாடம் நடத்தினார்கள். காசிமேட்டிலும் அப்படித்தானே நடந்திருக்கும்?
*பொருளாதார மாணவி, ராயபுரம்*

அந்தப் பாடத்தை என் மகளும் படித்தாள், வாசித்துக் காட்டினாள். ராபர்ட் ஜென்சன் என்பவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. 1997-லிருந்து 2001-க்குள் வட கேரளக் கரையில் ஒவ்வொரு பகுதியாக டவர் வந்தபோது மத்தி விலை என்ன ஆனது என்று பார்த்திருக்கிறார். 1997 ஜனவரியில் ஒரு காலை, வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் நிற்க, 15 கிலோமீட்டருக்குள் வேறு ரெண்டு கரையில் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் கிளம்ப இருந்தார்களாம். போன் வந்தபின் கடலிலிருந்தே கேட்டுவிட்டு விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். மீனவருக்கு லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

பொய் என்று சொல்லமாட்டேன். காசிமேட்டுக்கு வாங்க, சொல்கிறேன்.

எங்க வீட்டுக்காரர் விசைப்படகில் பத்து நாள் தங்கலுக்குப் போகிறவர். டீசல், ஐஸ், அரிசிக்கு முன்பணம் கொடுத்தவர் கரையில் காத்திருக்கிறார். வஞ்சிரம் பழவேற்காட்டில் என்ன விலை, நாகப்பட்டினத்தில் என்ன விலை என்று வாட்ஸ்அப்பில் போட்டோவோடு வரும். பார்த்துக்கொள்ளலாம். மீன் போவது கடன் கொடுத்தவர் கைக்குத்தான். விலை தெரியாமல் ஏமாந்த காலம் போய், தெரிந்தே கொடுக்கும் காலம் வந்திருக்கிறது. இதை உங்கள் பேராசிரியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, கரை கண்ணுக்கு மறைந்து கொஞ்ச நேரத்தில் சிக்னலும் மறைந்துவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டாமல் போனது அதனால்தான். பிறகு 2019-ல் ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், ஜெமினி என்று ஒரு சின்னப் பெட்டியை வெளியிட்டது. செயற்கைக்கோளில் வரும் எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத் வழியாகப் போனில் காட்டும். நல்ல சாமான். ஆனால் செய்தி வரும், அதிலிருந்து நாம் திருப்பிப் பேச முடியாது. "காத்து எந்நேரத்துக்குத் திரும்பும்?" என்று கேட்க அதில் ஆளில்லை.

குடும்பக் குழுவில் வரும் எச்சரிக்கைகளில் எது நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகி, திருவொற்றியூர்*

தேதி, இடம், அனுப்பிய அலுவலகம் மூன்றும் இல்லையென்றால் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். 2018 மே மாதம் ‘பிள்ளை பிடிக்கிற கும்பல்’ என்று ஓடிய செய்தியை நம்பி, நமக்குப் பக்கத்துப் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்தே கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் தள்ள முடியாதபடி செய்தது. எனக்கு அந்த மே மாதம் ஒரே நாளில் அந்தச் செய்தி நாலு குழுவில் வந்தது. நாலிலும் அனுப்பியவர்கள் தெரிந்தவர்கள், நல்லவர்கள்.

வடசென்னை மக்களுக்காக வெள்ளத் தகவல் ஆப் ஒன்று செய்கிறோம். இறுதியாண்டு புராஜெக்ட். என்னென்ன வசதிகள் வைக்கலாம்?
*பொறியியல் மாணவர், மணலி*

தம்பி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது நீ எங்கே இருந்தாய்? எங்கள் தெருவில் முதல் நாளே கரண்ட் போனது. மறுநாள் மதியத்துக்குள் டச் போன் எல்லாம் செத்துவிட்டது, பட்டன் போன்கள் உயிரோடிருந்தன. டவருக்கும் கரண்ட் இல்லாததால் ஒரே ஒரு கம்பெனி சிக்னல்தான், அதுவும் மாடிப்படியில் நின்றால்.

அதற்கு முன்பே ஒரு மெசேஜ் வந்திருந்தது. புழல் ஏரியில் விநாடிக்கு இத்தனை கன அடி தண்ணீர் திறக்கிறார்கள், கரையோர மக்கள் கவனமாக இருக்கவும் என்று. புழல் உபரி வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்க் கடலுக்குப் போகிறது என்று உனக்குத் தெரியும். என்னிடம் அந்த மெசேஜைக் காட்டிய அக்கா கேட்டது: "கன அடின்னா எங்க வாசப்படிக்கு வருமா, கட்டிலுக்கு வருமா?" மாநகராட்சியின் உதவி எண் 1913-க்கு அடித்தோம், லைன் கிடைக்கவில்லை. அன்று எத்தனை ஆயிரம் பேர் அடித்திருப்பார்கள்! கடைசியில் மேட்டுத் தெருவில் இருந்த ஒருவரிடம் கேட்டு, கடை ஷட்டரில் சாக்பீஸால் எழுதினேன், எந்தத் தெருவில் முட்டி அளவு, எதில் இடுப்பு அளவு என்று. மழையில் அழிய அழிய மறுபடி எழுதினேன்.

வெளியூர்க் கதைகளும் கொஞ்சம் பார். 2010 ஜனவரியில் ஹைட்டியில் பூகம்பம். 4636 என்ற எண்ணுக்கு மக்கள் தங்கள் கிரெயோல் மொழியிலேயே மெசேஜ் போட்டார்கள், வெளிநாட்டில் இருந்த ஹைட்டிக்காரர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்து மீட்புப் படைக்குக் கொடுத்தார்கள். அதே வருஷம் சத்தீஸ்கரில் சிஜிநெட் ஸ்வரா என்ற போன் செய்திச் சேவை ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாத கோண்டி மொழிக்காரர்கூடச் சாதாரணப் போனில் பேசிப் பதிவு செய்யலாம், மற்றவர்கள் பேசியதைக் கேட்கலாம். ஊரில் கைபம்பு ரிப்பேர் என்பதும் அதில் செய்திதான்.

புதுச்சேரி பக்கம் நல்லவாடு தெரியுமா? 2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் டிவி பார்த்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தகவல் மையத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஜனம் ஓடியது. போனில் வந்தது ஒருவருக்கு, பிழைத்தது ஒரு ஊர். ஒலிபெருக்கி மாட்டும் வேலையை உன் புராஜெக்டில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்?

ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை, மார்க் முக்கியம். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வா. பட்டன் போன் வைத்திருக்கும் நாலு பேரை உட்காரவைக்கிறேன். ஆப்பில் போடப்போகும் முதல் எச்சரிக்கையை அவர்களிடம் வாசித்துக் காட்டு, அவர்கள் திருப்பி என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள். நோட்டு கொண்டுவா. லேப்டாப் வேண்டாம், இங்கே மீன் தண்ணி தெறிக்கும்.