உண்டியலும் அரசுக் கருவூலமும்

கேள்வி: கொரோனா காலத்தில் எங்கள் ஊர்க் கோயில்களும் சங்கங்களும் அரிசி, பருப்பை வீடு தேடி வந்து கொடுத்தன. மனமுவந்து செய்யும் தர்மம் இருக்கும்போது, வரிப்பணத்தில் அரசு உதவித்தொகை எதற்கு? – ஒரு வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: அந்த அரிசியை நானும் மறக்கவில்லை, படிவமோ கையெழுத்தோ கேட்காமல், முதல் வாரத்திலேயே வாசலுக்கு வந்தது அது. ஆனால் நெருக்கடி முதல் வாரத்தோடு முடியவில்லையே. 2020 மார்ச்சில் மூடிய எல்லை முழுமையாகத் திறக்க 2021 அக்டோபர் ஆனது; 2020இல் மட்டும் மொரீஷியஸ் பொருளாதாரம் ஏறக்குறைய 15 சதவீதம் சுருங்கியது. நம் கோயில் உண்டியலில் பணம் போடுபவர்கள் யார்? ஓட்டலில் வேலை பார்ப்பவரும் டாக்சி ஓட்டுபவரும் கடை வைத்திருப்பவரும்தானே? அவர்கள் கை வறண்ட அதே மாதத்தில்தான் பந்தியின் வரிசையும் நீண்டது.

அந்த ஆண்டின் இறுதியில் ஒரு கோயில் அன்னதானத்தில், வருடந்தோறும் ஒரு மூட்டை அரிசி தந்துவந்த ஓட்டல் ஊழியரான அம்மையார், கூட்டம் கலையும்வரை மடப்பள்ளி ஓரமாகவே நின்றிருந்துவிட்டு, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த தூக்குச்சட்டியை எடுத்து நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்தவர் எவரும் தர்மம் மட்டுமே போதும் என்று சொல்லமாட்டார்கள்.

நிறுவனங்களின் கொடையும் இப்படித்தான். வரிக்குரிய வருமானத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்று 2009 முதல் சட்டமே இருக்கிறது. ஆனால் வருமானம் விழுந்தால் அந்த 2 சதவீதமும் கூடவே விழும்.

அரசோ வருவாய் இல்லாத நாளிலும் செலவு செய்யலாம். ஊதிய உதவித் திட்டம் தொழிலாளர்களின் சம்பளத்தைத் தாங்கியது. சுயதொழில் செய்தவர்களுக்கு மாதம் 5,100 ரூபாய் கிடைத்தது. வரவுசெலவுத் திட்டத்தைத் தாங்க மத்திய வங்கியிடமிருந்து 6,000 கோடி ரூபாய் பெறப்பட்டது. அது சரியா என்று நாம் வாதிடலாம். ஆனால் அந்தக் கதவைத் தட்ட எந்தக் கோயிலாலும் முடியாது. இன்னொன்றும் உண்டு: 1950இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத்துக்கு 1958இல் வருமானச் சோதனையை நீக்கியபோது, தன் வறுமையை நிரூபித்துக் கை நீட்டும் நிலையிலிருந்து நம் பாட்டிமார் விடுபட்டார்கள். அது அவர்களுடைய உரிமை; யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

தர்மத்துக்கு வேலையில்லை என்று நான் சொல்லவில்லை. சுயதொழில் உதவிக்கு இணையவழியில்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கணினியைத் தொட்டறியாத காய்கறி வியாபாரிகள் நம்மிடையே எத்தனை பேர்! அடுத்த முறை உங்கள் சங்கம் அரிசிப் பையோடு போகும்போது, விண்ணப்பத்தை நிரப்பித் தரத் தெரிந்த ஓர் இளைஞரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.