குழுவுக்கு 6 எலி போதுமா?

கேள்வி: எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு மூலிகை வேரின் எத்தனால் சாறு கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானதா என்று பார்ப்பதுதான் என் ப்ராஜெக்ட். விஸ்டார் என்ற ஆய்வக வெள்ளை எலியில் குழுவுக்கு 6 வைத்துச் செய்தால் போதும் என்கிறார் கைடு. முயலிலும் செய்தால்தான் பேப்பர் எடுபடும் என்கிறார் சீனியர் ஒருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். 'கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானதா' என்பது ஒரே கேள்வி மாதிரித் தெரியும், ஆனால் உள்ளே நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. சினை பிடிக்கிறதா, பிடித்த கரு தங்குகிறதா, தங்கியது ஊனமில்லாமல் உருவாகிறதா, பிறந்த குட்டி பால் குடித்துத் தேறுகிறதா, அது வளர்ந்து தானும் குட்டி போடுகிறதா. ஒவ்வொன்றுக்கும் மருந்து கொடுக்க வேண்டிய நாட்கள் வேறு, எதைப் பார்க்கிறோம் என்பதும் வேறு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியது மூன்றாவது, அதாவது கரு வளர்ச்சி நச்சுத்தன்மை. அதற்கு ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த சோதனை வழிமுறைதான் ஓஇசிடி 414.

இனி அந்த 6. நம் ஊர்க் கல்லூரி ஆய்வேடுகளில் எதற்கெடுத்தாலும் ஆறு ஆறாகப் பிரிப்பது பழகிப்போய்விட்டது, இங்கே அது உதவாது. முதலில் 6 எலியும் சினையாகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, ஒன்றிரண்டு தவறினால் கையில் நாலுதான். அதைவிடப் பெரிய சிக்கல், எதை எண்ணுவது என்பது. ஆறு தாய், ஆளுக்குப் பத்துக் குட்டி, மொத்தம் 60 கரு, அதில் 9 ஊனம் என்று வைத்துக்கொள்வோம். அறுபதை வைத்துப் புள்ளியியல் டெஸ்ட் போட்டால், வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சாஃப்ட்வேர் அழகாக நட்சத்திரக் குறி போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் அந்த ஒன்பதும் ஒரே தாயின் வயிற்றில் இருந்தவை என்றால்? ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கு, அதாவது ஒரே சினையில் உண்டானவற்றுக்கு, தாய் ஒன்று, கருப்பை ஒன்று, அந்தத் தாய் தின்ற தீனியும் ஒன்றுதான், ஆகவே அவை தனித்தனிச் சான்றுகள் ஆகா. எண்ண வேண்டியது தாயை, அல்லது ஈற்றை. இந்த ஒரு தப்புக்காகவே தலைப்பைக்கூடச் சரியாகப் படிக்காமல் பேப்பரைத் திருப்பி அனுப்புகிற ரெவ்யூவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அவர்கள் செய்வது சரிதான். குழுவுக்குச் சுமார் 20 சினை எலி என்று 414 கேட்பதும் இதனால்தான்.

மூன்று டோஸுக்கு மூன்று, மருந்து தராத கன்ட்ரோல் ஒன்று என நான்கு குழு, எண்பது எலி, எம்.ஃபார்ம் பட்ஜெட்டில் எப்படி என்று கேட்பீர்கள். அதற்கும் வழிமுறையிலேயே ஒரு வழி இருக்கிறது. நச்சு இருக்காது என்று நம்பக் காரணம் இருந்தால், ஒரு கிலோ எடைக்கு 1000 மில்லிகிராம் என்ற ஒரே டோஸையும், சாறு கலக்காத கரைசல் மட்டும் தரும் கன்ட்ரோல் குழுவையும் வைத்து லிமிட் டெஸ்ட் செய்யலாம். அப்போது 40 சினை எலி போதும், தவறுவதற்கு ஈடாகச் சில கூடுதலாக இணை சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஏதாவது தென்பட்டால் மட்டும் மூன்று டோஸுக்குப் போகலாம். அரைகுறையாக நான்கு குழு செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

முயல் விஷயத்தில் சீனியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் காரணம் பேப்பர் எடுபடுவது இல்லை. தாலிடோமைடு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் கை கால் ஊனத்தோடு பிறக்கக் காரணமான தூக்க மருந்து அது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது, அதற்குள் உலகெங்கும் பத்தாயிரம் குழந்தைகள் அளவுக்குப் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். எலியிலும் சுண்டெலியிலும் அந்தக் கை கால் ஊனம் பெரும்பாலும் வரவே இல்லை, நியூசிலாந்து வெள்ளை முயலில்தான் வந்தது. காரணம் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அந்த மருந்து செரெப்லான் என்ற புரதத்தைப் பிடித்து, அதன் மூலம் கருவின் வளர்ச்சிக்குத் தேவையான வேறு புரதங்களைச் சிதைக்க வைக்கிறது. இந்தப் புரதங்களில் இனத்துக்கு இனம் இருக்கிற சின்னஞ்சிறு வித்தியாசம் போதும், ஓர் இனம் தப்பிக்க, இன்னொன்று மாட்ட. மருந்து அனுமதிக்கு எலியோடு முயலையும் சேர்த்துக் கேட்பது இந்த அனுபவத்துக்குப் பிறகு ஊன்றிய வழக்கம்.

எதிர்ப்பக்கமும் உண்டு, விலங்கில் வருகிற ஊனம் மனிதரில் வராமலும் போகலாம். கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் சுண்டெலிக் குட்டிக்கு அண்ணப் பிளவு வரும், அதுவும் சில வம்சத்தில் மிக அதிகமாக, சிலவற்றில் குறைவாக. அதிக டோஸ் ஆஸ்பிரின் எலிக் கருவில் ஊனம் உண்டாக்கும். அதை வைத்து மனிதருக்கும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. ஆகவே நீங்கள் எலியில் மட்டும் செய்யுங்கள், தப்பில்லை, ஆனால் தலைப்பில் 'விஸ்டார் எலியில்' என்று போடுங்கள், முடிவுரையில் 'கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது' என்று எழுதாதீர்கள். மூலிகைதானே என்று நாமே தைரியமாக எழுதிவிடுகிறோம், அதை நம்பி யாரோ ஒருத்தி குடித்துவிடுவாள்.

அப்புறம் செய்யும்போது பலர் கோட்டை விடுகிற சில இடங்கள். இணை சேர்த்த பெண் எலியின் யோனித் திரவத்தை ஸ்லைடில் தடவிப் பார்க்கும் ஸ்மியரில் விந்தணு தெரிந்த நாளை 0 என்று எண்ணுகிறீர்களா 1 என்றா என்பதை எழுதி வையுங்கள், ஒரு நாள் பிசகினாலே எலும்பு உருவாகும் கட்டம் மாறிவிடும். தாயின் எடையோடு தின்ற தீனியையும் நிறுத்துப் பாருங்கள். சாறு கசப்பாக இருந்தோ வயிறு மந்தப்பட்டோ தாய் சரியாகத் தின்னாவிட்டால் கருவின் எடை குறையும், எலும்பு முற்றுவது தாமதமாகும், அது பட்டினியின் வேலையா சாற்றின் வேலையா என்று பிறகு பிரிக்க முடியாது. 20ஆம் நாள் வாக்கில் கருப்பையைத் திறந்ததும் உயிருள்ள கருவை மட்டும் எண்ணி நிறுத்திவிடாமல், பதிந்து கரைந்துபோன இடங்களையும் எண்ணுங்கள், பல மருந்துகளின் கைவரிசை அங்கேதான் தெரியும். ஒவ்வோர் ஈற்றிலும் பாதிக் கருவை அலிசரின் சிவப்புச் சாயமேற்றி எலும்புக்கும், மறுபாதியை உள்ளுறுப்புகளுக்கும் பாருங்கள்.

எத்திக்ஸ் கமிட்டிக்கு பார்ம் பி என்ற விலங்குச் சோதனை அனுமதி விண்ணப்பம் எழுதும்போது, 40 எதற்கு என்று கேட்டால் தயங்காமல் ஈற்றுக் கணக்கைச் சொல்லுங்கள். குழுவுக்கு ஆறு என்று நான்கு குழுவில் 24 எலியைக் கொன்று ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் போவதுதான் கமிட்டிக்குச் சங்கடம் தர வேண்டும். கைடிடம் பேசப் போகும்போது 414ஐ அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள், லிமிட் டெஸ்ட் என்ற பகுதியை மட்டும் கோடிட்டுக் காட்டினால் போதும்.