பாசிப்பந்து தீபாவளிக்குத் தாங்குமா?

கேள்வி: அக்கா, ஈப்போவில் ஒரு வீட்டு வாசலில் பாசி போர்த்திய மண்ணுருண்டையில் செடி வைத்துக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். ஜப்பானியர் செய்யும் கொக்கெடாமாவாம். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலும் தொங்கவிட ஆசை. கேமரன் மலையில் பாசி எடுத்து வரலாமா? மழைச்சாரலில் உருண்டை கரைந்து கொட்டிவிடும் என்கிறார் மாமியார்.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, கேமரன் பாசி வேண்டவே வேண்டாம். அங்குள்ள பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டருக்கு மேல். அந்தக் குளிரிலும் பனிமூட்டத்திலும் வளர்ந்தது நம் ஊர் வெக்கையில் கருகிப்போகும். அந்தப் பாசிக்காடு பாதுகாக்க வேண்டிய இடமும்கூட. அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

உன் வீட்டுப் பின்னால் லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) சுவரைப் பார். வெயில் படாத பக்கம் பச்சை வெல்வெட்டாகப் படர்ந்திருக்கும். நம் ஊர்ச் சூட்டுக்குப் பழகிய பாசி அதுதான். மழை பெய்த மறுநாள் காலையில் தோசைத் திருப்பியை அடியில் செருகினால் பாளம் பாளமாக வரும். ஒட்டியிருக்கும் மண்ணை மெல்லச் சுரண்டி, வெள்ளைத் தட்டில் ஈரத்துணி மூடி வை. பூச்சி இருந்தால் வெளியே வந்துவிடும். பாசிக்கு வேர் கிடையாது. இலையாலேயே நீர் குடிக்கும். அதனால் மண்ணோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி அழுத்துவதுதான் முக்கியம்.

மாமியார் பயப்படுவது நியாயம்தான். வெறும் தோட்டத்து மண் கரையத்தான் செய்யும். ஜப்பானில் நாணல் மக்கிக் கறுத்த சதுப்புக் களி 7 பங்கு, அகடாமா என்னும் எரிமலை மண் 3 பங்கு சேர்ப்பது வழக்கம். நமக்கு ஆற்றோரக் களிமண்ணும் தேங்காய் நார்த்தூளும் போதும். கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குப் பிசை. உருட்டி அழுத்தினால் விரிசல் விடக் கூடாது. விரிந்தால் இன்னும் களி சேர்.

செடிக்கு எங்கும் அலைய வேண்டாம். செம்பனை மரத்து மட்டை இடுக்கில் தானாக முளைக்கிறதே, மலாய்க்காரர்கள் லங்சுயர் என்பார்களே, அந்தப் பெரணியின் குட்டியே போதும். நிழலில் நன்றாக வரும். வேரை மண்ணால் பொதிந்து, பாசி போர்த்தி, தூண்டில் நரம்பால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்று. பருத்தி நூல் நம் ஈரத்தில் சீக்கிரம் மக்கிவிடும்.

தண்ணீரை மேலே ஊற்றாதே. உருண்டையைக் கையில் தூக்கிப் பார். கனம் குறைந்திருந்தால் மழைநீர் வாளியில் குமிழி அடங்கும்வரை அமுக்கி, வடியவிட்டுத் தொங்கவிடு. பைப்புத் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு பயன்படுத்து. உரம் போட்டால் செடிக்கு முன்னால் பாசிதான் கருகும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே கட்டிவிடு. பாசி பிடித்துக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டும். விளக்கு வரிசைக்கும் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்தும் இடத்துக்கும் நேர்மேலே தொங்கவிடாதே. காய்ந்த நார் சட்டெனப் பற்றும். கீழே சொட்டுக்குத் தட்டு வைத்தால் அன்றன்றே கவிழ்த்துவிடு. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும். சுகாதாரத் துறைச் சோதனையில் கொசுப்புழு கிடைத்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு.