மன்றோ, பட்டா, தீர்வை – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னை வந்தபோது தீவுத்திடல் பக்கம் மன்றோ சிலையைப் பார்த்தேன். எங்கள் ஊர் கிருஷ்ணகிரி. ‘குடியானவனுக்குப் பட்டா கொடுத்த துரை’ என்று என் தாத்தா அவரை உயர்வாகப் பேசுவார். என் நண்பனோ, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வசூலித்துக் கொடுத்த பட்டாளத்துக்காரர், அவ்வளவுதான் என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ 1780இல் கம்பெனியின் காலாட்படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். ஹைதர் அலியோடு நடந்த போரில் சண்டையிட்டார். 1792இல் உங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தை உள்ளடக்கிய பாராமகால் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க அனுப்பப்பட்ட கேப்டன் ரீடுக்கு உதவியாளராக உங்கள் பக்கம் வந்தார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, நிலத்தை அளந்து, குடியானவர்களிடம் நேரில் பேசி வேலை கற்றது அங்கேதான். தருமபுரியில் தான் போட்ட தோட்டத்தை விட்டுப் போக மனமில்லை என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

ஜமீன்தார், குத்தகைதாரர் என்று இடையில் யாரும் இல்லாமல் சர்க்கார் குடியானவனோடு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். தாத்தா சொன்னது இதைத்தான். பட்டா இல்லாமல் அடுத்தவர் வயலில் உழைத்த பண்ணையாட்களுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆனால் பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதைவிடத் தீர்வை, அதாவது நிலவரி, எவ்வளவு என்பதுதான் எனக்கு முக்கியம். 1800இல் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பா பகுதிகளுக்கு மன்றோ கலெக்டரானார். பாளையக்காரர்களைக் கடுமையாக ஒடுக்கினார். அந்தக் கடுமையை லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களே கண்டித்தார்கள். ஏழு வருடத்தில் வருமானம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. உங்கள் நண்பர் சொல்வதும் இங்கே உண்மைதான்.

அப்புறம் வருகிறது 1807. சீமைக்குக் கிளம்பும் முன் அவரே மேலிடத்துக்கு எழுதுகிறார்: மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவீதம் சர்க்காருக்குப் போகிறது, அதை மூன்றில் ஒரு பங்காக இறக்குங்கள், தீர்வையில் கால் பங்கைக் குறையுங்கள். அப்போதுதான் நிலத்துக்கு விலை ஏறும், குடியானவனும் அதைத் தன் சொத்தாக நினைத்து உழைப்பான் என்பது அவர் வாதம். வசூலில் பேர் வாங்கிய ஒரு அதிகாரி, தான் போட்ட தீர்வையே அதிகம் என்று எழுதிக் கொடுப்பது சாதாரணமில்லை. அவரிடம் நான் மதிக்கும் காரியம் இதுதான். மேலிடம் மறுத்தது. அதோடு நிற்காமல் கிராமங்களையே குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தவர்கள் பலர் நொடித்துப்போனார்கள்.

மூன்றாம் மராத்தியப் போரில் படை நடத்திவிட்டு 1820இல் மன்றோ சென்னை ஆளுநரானார். குடியானவனோடு நேரடியாகக் கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறையை மாகாணத்தின் பொதுமுறை ஆக்கினார். அவர் கேட்ட குறைப்பும் அவருடைய பழைய ஜில்லாக்களுக்குக் கிடைத்தது. ஆனால் மற்ற பல ஜில்லாக்களில் கனத்த தீர்வை அப்படியே நீடித்தது. ஏழு வருடம் ஆளுநராக இருந்தவரிடம் எனக்குள்ள பெரிய குறை இதுதான். 1827 ஜூலையில், அதே பழைய பகுதிகளைச் சுற்றிவரும்போது பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் உங்கள் நண்பர் படிக்கவேண்டும். வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1855இல் அது சென்னையில் அறிக்கை தந்தது. விரல்களைக் கிட்டி போட்டு நெரிப்பதும், குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதும் அதில் பதிவாகியிருக்கின்றன. செய்தவர்கள் நம்மூர் ஊழியர்கள். எப்படியாவது வசூலித்தே ஆகவேண்டிய தொகையை அவர்கள் தலையில் வைத்தது கம்பெனி சர்க்கார். 1807இல் மன்றோ எழுதியதையும் இந்த அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நண்பரோடு பேசுங்கள்.