திங்கட்கிழமை வரை பல்வலியைத் தாங்குவது எப்படி?

கேள்வி: என் கணவருக்கு வயது 42, வேறு நோய் எதுவும் இல்லை. சனிக்கிழமை இரவு கீழ்க் கடைவாய்ப் பல்லில் தொடங்கிய வலியால் விடியும்வரை அவர் உறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் பல் மருத்துவர் கிடைக்க மாட்டார். மாமியார் கிராம்பு எண்ணெய் வைக்கச் சொன்னார். எருக்கம்பால் விட்டால் பல்லில் உள்ள புழு செத்துவிடும் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. கணவரோ, எப்போதோ காய்ச்சலுக்கு வாங்கி மீந்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டார். இவற்றுள் எது சரி?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: உங்கள் மாமியார் சொன்னது பாதி சரி, மற்ற இரண்டும் தவறு.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான திசு இருக்கிறது. சொத்தை அதுவரை இறங்கும்போது அத்திசு வீங்குகிறது. ஆனால், சுற்றிலும் கெட்டியான பற்சுவர் இருப்பதால் வீக்கம் விரிய இடமின்றி, அழுத்தம் முழுவதும் நரம்பின் மேல் விழுகிறது. படுத்தவுடன் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இவ்வலி இரவில் உச்சத்தை எட்டுகிறது. ஆகவே, முதல் வேலையாக இரண்டு தலையணைகளை அடுக்கித் தலையை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள்.

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, மெதுவாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல்லிடுக்கில் கறி நாரோ கொய்யா விதையோ சிக்கியிருந்தால் பல் இடுக்கு நூலால் எடுக்கலாம். ஊக்கு, ஊசி, தீக்குச்சி எதுவும் வேண்டாம். ஈரத்துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தின் வெளிப்புறம் பத்து முதல் பதினைந்து நிமிடம் வைத்து எடுப்பது நல்லது. வீங்கிய கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பல்லில் சீழ் பிடித்திருந்தால் அது வீக்கத்தைக் கூட்டக்கூடும் என்பதால் தவிருங்கள்.

கிராம்பு எண்ணெயில் உள்ள ‘யூஜினால்’ என்னும் வேதிப்பொருள் நரம்பைச் சற்று நேரம் மரக்கச் செய்யும் என்பது உண்மைதான். இருப்பினும், அதைப் பாட்டிலோடு கவிழ்த்தால் ஈறு வெந்து புண்ணாகும். சில துளி நல்லெண்ணெயில் ஒரு துளி கிராம்பு எண்ணெயைக் கலந்து, பஞ்சில் தொட்டு, ஈற்றில் படாமல் சொத்தைக் குழியில் மட்டும் வைத்துச் சில நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு இது கூடவே கூடாது, விழுங்கினால் ஆபத்து.

சொத்தையில் புழு என்று எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றிப் பல்லை அரிப்பதே சொத்தை. கண்டங்கத்திரி விதைப் புகையைப் பிடிப்பதற்கும் இதே நம்பிக்கைதான் காரணம். எருக்கம்பாலோ வாய்ச்சதையை எரித்துப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் இன்னும் மோசம். ஆஸ்பிரின் மாத்திரையை நசுக்கிப் பல்லின் மேல் அடக்கிக்கொள்வதும் ஈற்றைப் பொசுக்கிவிடும்.

விழுங்க வேண்டியது வலி மாத்திரையைத்தான். வேறு நோய் இல்லாத பெரியவர்கள், உணவுக்குப் பின் இபுபுரூஃபன் 400 மில்லிகிராம் ஒன்றும், அதனுடன் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளைக்கு எட்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சளிக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால், அவற்றையும் சேர்த்து விழுங்கிவிடக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், டெங்கு சந்தேகம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இபுபுரூஃபனைத் தொடக் கூடாது.

ஆன்டிபயாடிக் வலி மாத்திரை அன்று. பல்லுக்குள் அடைபட்ட அழற்சியை அதனால் தணிக்க இயலாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பெரும்பாலான பல்வலிகளுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்றே கூறுகிறது. மீந்த மாத்திரைகளை வீட்டில் சேர்த்துவைக்கும் பழக்கத்தை இத்துடன் விட்டுவிடுங்கள்.

ஆனால், வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவினாலும், நாக்கின் அடிப்பகுதி தடித்தாலும், வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் ஏற்பட்டாலும், காய்ச்சல் வந்தாலும் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள், தேவையானால் 108-ஐ அழையுங்கள். நடந்தாலோ படியேறினாலோ தாடை வலித்து, நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால், அது பல் சம்பந்தப்பட்டதாக இல்லாமல் மாரடைப்பாகவும் இருக்கலாம்.

கேள்வி: நான்கு நாள்களாகத் துடித்த மேல் கடைவாய்ப் பல்வலி தானாகவே நின்றுவிட்டது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்கிறார்கள். இனியும் மருத்துவரிடம் போக வேண்டுமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: அவசியம் போக வேண்டும். துடித்த பல் திடீரென அடங்கினால், உள்ளிருந்த நரம்பு செத்துவிட்டது என்பதே பெரும்பாலும் பொருள்; நோய்த்தொற்று அங்கேயே தங்கி, வேர் நுனியில் சீழ் கட்டத் தொடங்கும். கண்ணின் பார்வை நரம்புக்கும் பல்லின் நரம்புக்கும் தொடர்பில்லை, எனவே அந்த அச்சம் வேண்டாம். பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சீக்கிரம் சென்றால் வேர் சிகிச்சையின் மூலம் பல்லைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. போகும்போது, குளிர்ச்சி பட்டபோது வலித்ததா, சூடு பட்டபோதா, வலி எவ்வளவு நேரம் நீடித்தது, என்னென்ன மாத்திரைகளை எந்நேரத்தில் எடுத்தீர்கள் என்பவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள்; எந்தப் பல், எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் கணிக்க இவ்விவரங்கள் எக்ஸ்ரே அளவுக்கு எங்களுக்கு உதவும்.