கிளாக் 17 ஐந்தாம் தலைமுறை: ரேஞ்சுக்கும் டியூட்டிக்கும் ஒரே கைத்துப்பாக்கியாக வாங்கலாமா?

கேள்வி இதுதான்: "டெக்சாஸில் ஆயுதம் தாங்கிய பாதுகாவலர் வேலைக்கு உரிமம் எடுக்கப் போகிறேன். கடையில் கிளாக் 17 ஐந்தாம் தலைமுறையைக் காட்டினார்கள். டபுள் ஸ்டாக், 17 தோட்டா பிடிக்கும். ரேஞ்சுக்கும் டியூட்டிக்கும் இதையே வாங்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?"

வாங்கலாம். ஆனால் 17 என்ற எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். அத்தனை தோட்டாவைச் சுமக்கும் பிடி உங்கள் கைக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இங்கே ஓர் உள்ளரங்க ரேஞ்சில் வார இறுதிகளில் புதியவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிறேன். கைக்குச் சேராத துப்பாக்கியை நல்ல விலை கொடுத்து வாங்கிவந்து அதோடு மல்லுக்கட்டுகிறவர்களை அடிக்கடி பார்ப்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

டபுள் ஸ்டாக் என்றால், மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், தோட்டாக்கள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். நிரப்பிய மேகசினை வெளியே எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சின்னச் சின்னத் துளைகள் வழியாகத் தோட்டாக்கள் இடமும் வலமுமாக மாறி மாறி உட்கார்ந்திருப்பது தெரியும். மேலே வர வர இரண்டு வரிசையும் நெருங்கி ஒன்றாகிவிடும். ஸ்லைடு, அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம், நடுவிலிருந்து ஒவ்வொன்றாகச் சேம்பருக்குள் (தோட்டா வெடிக்கும் அறைக்குள்) தள்ளும். கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களை அமுக்கும்போது கட்டைவிரல் நோகும். துப்பாக்கியோடு தோட்டாவை அமுக்கி நிரப்ப உதவும் லோடர் தருகிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள்.

இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதில்லை. 1935இல் பெல்ஜியத்தில் வந்த பிரவுனிங் ஹைபவரிலேயே 13 தோட்டாவுக்கு இரட்டை வரிசை மேகசின் இருந்தது. ஜான் பிரவுனிங் 1926இல் இறந்துபோனார். அந்தத் துப்பாக்கியை முடித்துக் கொடுத்தவர் தியூதோனே சேவ். நம் ஊர்ப் போலீஸ் அதிகாரிகள் இடுப்பில் பார்த்திருப்பீர்களே, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 மி.மீ. பிஸ்டல், அது ஹைபவரின் வாரிசுதான். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த கிளாக் செய்த மாற்றம், துப்பாக்கியின் சட்டத்தை (அடிப்பாகத்தை) பாலிமர் என்ற பிளாஸ்டிக்கில் செய்து எடையைக் குறைத்து, அதற்குள் 17 தோட்டாவுக்கு இடம் பிடித்தது. நிரப்பிய பிறகும் ஏறக்குறைய 900 கிராம்தான். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் பெல்ட்டில் வேறு பல சாமான்களோடு இதையும் சுமக்கிறவருக்கு அந்த எடைக் குறைவு பெரிய நிம்மதி.

சரி, கைக்கு வருவோம். இரண்டு வரிசைத் தோட்டா பிடிக்குள் உட்கார்ந்தால் பிடி தடிக்கத்தான் செய்யும். தடித்த பிடியில் ஆள்காட்டி விரலுக்கு டிரிகர் தூரமாகிவிடும். கடையில் மேகசினை எடுத்துவிட்டு, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு இதைச் செய்து பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை, ஸ்லைடுக்குக் கீழே முடிந்த மட்டும் மேலே ஏறி ஒட்டட்டும். பேரலும் (குழலும்) முன்கையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். இப்போது விரலை டிரிகரில் வையுங்கள். விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள மெத்தென்ற பகுதி டிரிகர் மேல் தட்டையாகப் படிகிறதா? விரலுக்கும் சட்டத்துக்கும் நடுவே கொஞ்சமாவது வெளிச்சம் தெரிகிறதா? இரண்டுக்கும் ஆமென்றால் துப்பாக்கி உங்களுக்கானது.

விரல் நுனி மட்டும் எட்டுகிறதென்றால், உங்களை அறியாமலே பிடியைக் கையில் திருப்பிக்கொள்வீர்கள். அப்போது உதைப்பு உள்ளங்கைக்குப் போகாமல் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். வலக்கைக்காரருடைய குண்டுகள் இடப்பக்கமாகக் கூடும். சின்னக் கை உள்ளவர்களிடம், பெண்களிடம் குறிப்பாக, இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்களைப் பார்த்து "இன்னும் பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்வது அநியாயம். தப்பு அளவில் இருக்கிறது.

இங்கே கடைக்காரர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஐந்தாம் தலைமுறை கிளாக்கோடு, பிடியின் பின்பக்கத்தில் மாட்டும் பின்பட்டைகள் வரும். அவை பிடியைப் பெரிதாக்க மட்டுமே உதவும். எந்தப் பட்டையும் மாட்டாத நிலைதான் ஆகச் சிறியது, அதற்குக் கீழே இறங்க வழியில்லை. "அப்படியானால் கிளாக் 19 எடுங்கள், அது சிறியது" என்பார்கள். 19இல் பிடியின் உயரமும் பேரலின் நீளமும்தான் குறைவு, 15 தோட்டா பிடிக்கும். பிடியின் சுற்றளவும் டிரிகரின் தூரமும் கிட்டத்தட்ட அதேதான். உடைக்குள் மறைத்து வைக்க 19 உதவும்; விரல் எட்டாதவருக்கு உதவாது. அப்படிப்பட்டவர்கள் பிடியையே மாற்றிக்கொள்ளும்படி சிறிய, நடு, பெரிய அளவுகளில் வரும் சிக் பி320, உள்ளங்கைப் பட்டைகள் நான்கு தரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 2.0, சின்னக் கைகளை நினைத்தே வால்தர் செய்த பி.டி.பி. எஃப் வரிசை, மூன்றையும் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பி320 பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்தது அந்தக் குடும்பத்தைத்தான். அதே ஆண்டு, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று வெளியாகி, பொதுச் சந்தையில் விற்றவற்றுக்கு நிறுவனம் டிரிகர் பாகங்களை மாற்றித் தர முன்வந்தது. பழைய பி320 கைமாறி வாங்குவதானால் அந்த மாற்றம் நடந்ததா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம் டிரிகர். ரேஞ்சில் காகித இலக்கைச் சுட லேசான டிரிகர் சுகமாக இருக்கும். டியூட்டியில் அது மட்டும் போதாது, ரொம்பக் கனமாக்கினாலும் ஆபத்து. கிளாக்கின் வழக்கமான டிரிகரை இழுக்கச் சுமார் இரண்டரை கிலோ விசை போதும். நியூயார்க் போலீஸ் பல காலம், தவறுதலாக வெடிக்கக் கூடாது என்று, அதை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி 12 பவுண்டு (சுமார் ஐந்தரை கிலோ) வைத்திருந்தது. 2008இல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அந்தத் துறைக்காகச் செய்த ஆய்வில், எதிராளியும் சுட்ட மோதல்களில் போலீசாரின் குண்டுகளில் இலக்கைத் தொட்டவை 18 சதவீதம்தான் என்று வந்தது. லேசான டிரிகரைப் பரிசீலிக்கும்படி அதே ஆய்வு பரிந்துரைத்தது. மீதிக் குண்டுகள் எங்கே போயின என்று யோசித்துப் பாருங்கள். தெருவில் நிற்கிறவருக்குத்தான் அந்தக் கணக்கின் கனம் தெரியும். தொழிற்சாலை கொடுத்த டிரிகரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும், லேசாகத் தொட்டாலே வெடிக்கும் மயிரிழை டிரிகர்களை டியூட்டித் துப்பாக்கியில் மாட்டவே மாட்டாதீர்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

கிளாக்கில் தனியாக அழுத்த வேண்டிய சேஃப்டி பொத்தான் கிடையாது. உள்ளே மூன்று தடுப்புகள் இருக்கின்றன, டிரிகரை இழுத்தால் மூன்றும் விலகிவிடும். அப்படியென்றால் டிரிகரை மூடி வைக்கிற ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறையும்) பாதுகாப்பின் ஒரு பாகம். மெத்தென்ற துணி ஹோல்ஸ்டர், பழசாகி மடிந்துபோன தோல் ஹோல்ஸ்டர் இரண்டும் வேண்டாம். ஜாக்கெட்டின் இடுப்புக் கயிற்று முனை டிரிகர் வளையத்துக்குள் சிக்கி, துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது வெடிப்பது நன்றாகத் தெரிந்த விபத்து வகை. திரும்ப உள்ளே வைக்கும்போது அவசரமே கிடையாது. கண்ணால் பார்த்து மெதுவாக வையுங்கள். டியூட்டிக்கு, பிறர் பிடுங்க முடியாதபடி பூட்டு உள்ள ஹோல்ஸ்டர்தான் வேண்டும். டார்ச் மாட்டுவதாக இருந்தால் முதலில் டார்ச்சை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஹோல்ஸ்டர் அதன் அளவுக்குத்தான் வரும்.

கிளாக் மேல் எனக்குள்ள உண்மையான வருத்தம் இன்னொன்று. சுத்தம் செய்ய ஸ்லைடைக் கழற்ற வேண்டுமானால் டிரிகரை இழுத்தாக வேண்டும். மேகசினை எடுத்தாயிற்று என்று நம்பி, சேம்பரில் ஒன்று கிடப்பதை மறந்து இழுத்தால் வெடிக்கும். பி320இலும் எம் அண்ட் பியிலும் டிரிகரைத் தொடாமலே கழற்றலாம். ஷிஃப்ட் முடிந்து களைப்போடு வீட்டில் சுத்தம் செய்கிறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. கிளாக் வாங்கினால், தோட்டாவே இல்லாத ஓர் அறையில் மட்டும் கழற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலிபர் (தோட்டாவின் விட்டம்) விஷயத்தில் குழம்ப வேண்டாம். 1986இல் மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் கொல்லப்பட்ட மோதலுக்குப் பிறகு அந்த அமைப்பு 10 மி.மீ., பிறகு .40 என்று பெரிய தோட்டாக்களுக்குப் போனது. குண்டுகளின் தரம் உயர்ந்த பிறகு, 2016இல் எஃப்.பி.ஐ. கிளாக் துப்பாக்கியில் 9 மி.மீ.க்கே திரும்பி வந்தது. உதைப்பு குறைவு, இரண்டாவது குண்டு சீக்கிரம் இலக்குக்கு வரும், பயிற்சித் தோட்டா மலிவு. "மலிவாகத் தருகிறேன்" என்று யாராவது பழைய .40 காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நம்பகத்தன்மையைச் சோதிப்பதற்கும் ரேஞ்சில் குறி பார்ப்பதற்கும் சம்பந்தமில்லை. ரேஞ்சில் சுடுவது உருண்டை மூக்குத் தோட்டா, டியூட்டியில் வைப்பது மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட். முன்னது வழுக்கிக்கொண்டு சேம்பருக்குள் போகும் என்பதால் பின்னதும் போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் வேலையில் வைக்கப் போகும் அதே ஹாலோ பாயிண்டைச் செலவைப் பார்க்காமல் ஒரு 200 சுட்டுப் பாருங்கள், ஒவ்வொரு மேகசினிலும். மேகசின்களுக்கு அடியில் 1, 2, 3 என்று பெயிண்டில் எழுதிவிடுங்கள். அடைப்பு வந்தால் தப்பு துப்பாக்கியிலா மேகசினிலா என்று உடனே தெரியும். பெரும்பாலும் மேகசினில்தான் இருக்கும். பயிற்சியில் கான்கிரீட் தரையில் விழுந்து அடிபடும் மேகசின்களை டியூட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஒற்றைக் கையாலும் சுட்டுப் பாருங்கள், இடக்கையாலும். பாலிமர் சட்டம் லேசானது என்பதால், மணிக்கட்டு தளர்ந்தால் துப்பாக்கி மொத்தமும் பின்னால் போய், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாமல் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஸ்லைடின் திறப்பில் செங்குத்தாகச் சிக்கி நிற்கும். வேலையில் ஒரு கை யாரையோ தள்ளிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கையால் சுட நேரலாம். மாட்டிக்கொண்டதைத் தட்டி இழுத்துச் சரிசெய்வதைத் தூக்கத்தில் கேட்டாலும் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும்.

அடிப்படை மாடலோடு வரும் பிளாஸ்டிக் சைட் (குறிபார்க்கும் முனை) இருட்டில் பயன்படாது. இருட்டில் தானே ஒளிரும் டிரிட்டியம் சைட் போடுங்கள், ஆனால் டிரிட்டியத்தின் ஒளி 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும் என்பதால் தயாரிப்பு ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: இந்தியாவில் சாதாரணக் குடிமகனுக்கு உரிமத்தில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி கிடைக்காது. ரைபிள் கிளப்பில் .22 பிஸ்டலில் பழகினாலும், பிடிப்பும் டிரிகர் கட்டுப்பாடும் அப்படியே கைவரும்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். வேலை கொடுக்கும் நிறுவனம் எந்தெந்தத் துப்பாக்கியை அனுமதிக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியலில் இருப்பவற்றை ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள். இங்கே பல ரேஞ்சுகளில் அந்த வசதி உண்டு. கிளாக் 17 கைக்குள் அடங்கினால் எடுத்துக்கொள்ளுங்கள், பாகங்களும் ஹோல்ஸ்டர்களும் அதற்குத்தான் எளிதில் கிடைக்கும். அடங்கவில்லையென்றால் 10 தோட்டா பிடிக்கும் ஒல்லியான கிளாக் 48ஐயும் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். பட்ஜெட் முழுவதையும் துப்பாக்கியிலேயே கொட்டிவிடாமல் நல்ல ஹோல்ஸ்டர், கூடுதல் மேகசின்கள், சில மாதப் பயிற்சித் தோட்டா மூன்றுக்கும் இப்போதே பணம் ஒதுக்கி வையுங்கள்.